அடுப்படியில் ஒளித்த ஏடு

இலக்கிய வரலாறு எழுதுவோர் எதை எழுதுகிறார்கள்? நூலின் பெயரை எழுதுகிறார்கள். ஆண்டை எழுதுகிறார்கள். ஆசிரியர் எந்த மன்னன் அவையில் அமர்ந்தார், எந்தப் பல்கலைக் கழகத்தில் பயின்றார், எவர் நட்பைப் பெற்றார் என்று பக்கம் பக்கமாகத் தீட்டுகிறார்கள். அந்த நூல் எழுதப்பட்ட வேளையில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியவர் யார், அழுத பிள்ளையைத் தூக்கியவர் யார், விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்று மட்டும் எழுதுவதில்லை. எழுதினால் என்ன ஆகும்? மேதைகள் பலரின் புகழில் பாதி, மற்றொருவர் கையிலிருந்த கரண்டிக்குப் பங்காகப் போய்விடும்!

இல்லத்தை ஒழுங்காக நடத்துகிறவள் ஏட்டைத் தொடமாட்டாள். ஏட்டைத் தொட்டவள் இல்லத்தைக் கெடுத்துவிடுவாள். இது வைதிகம் நெடுங்காலமாக ஓதிவந்த பாடம். இன்று அதே பாடத்துக்குப் புது மெருகு பூசி, இரண்டையும் சமன் செய்யத் தெரிந்துகொள்வதே பெண்ணின் திறமை என்கிறார்கள். சமன் செய்வதாம்! தராசு தானாகவா நிற்கும்? அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டாமா? அந்தக் கை யாருடையது என்பதை வரலாற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நமக்கு யூகம் வேண்டாம்; சான்று போதும்.

முதலில் வங்கம் செல்வோம். இன்று வங்கதேசமாக விளங்கும் பகுதியில், பப்னா மாவட்டத்துப் பொதாஜியா என்னும் சிற்றூரில், 1810-ஐ ஒட்டிப் பிறந்தவர் ராசசுந்தரி தேவி. சிறுமியாக இருந்தபோது, வீட்டு முற்றத்தில் நடந்த ஆண்பிள்ளைகளின் பள்ளியில் ஒரு மூலையில் அவரை அமர்த்தி வைத்தார்கள். கற்பிப்பதற்காக அன்று, பாதுகாப்புக்காக! பெண்ணுக்குக் கல்வி ஏது? ஆனால் காதுக்குக் கதவு இல்லையே! பிள்ளைகள் உரக்க ஓதிய எழுத்துக்கள் அந்தச் சிறுமியின் காதில் விழுந்தன, விழுந்தவை நின்றன. சில ஆண்டுகளில் வீடு தீப்பற்றி எரிந்தது. பள்ளியும் போயிற்று, மூலையும் போயிற்று.

பன்னிரண்டு வயதில் திருமணம். பரீத்பூர் பக்கத்து ராம்தியா என்னும் ஊரில், நிலபுலம் உள்ள குடும்பம். பணியாட்கள் இல்லாத வீடு அல்ல. ஆயினும் அவர்கள் வெளிக்கட்டு வேலைக்கே உரியவர்கள். உள்கட்டு மருமகளுக்கு! மாமியார் நோயுற்றுப் பார்வை இழக்கவே, வளர்ந்து முடியாத அந்தப் பெண்ணின் தலையில் வீடு முழுவதும் வந்து அமர்ந்தது. நாள்தோறும் இருவேளை, ஏறத்தாழ இருபத்தைந்து பேருக்கு உலை வைக்க வேண்டும். பதினெட்டாம் வயது தொடங்கி நாற்பத்தொன்றாம் வயது வரை பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் எழுவரைத் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார். தாம் உண்பதற்கென எடுத்து வைத்த சோற்றை வந்த விருந்தினருக்கு இட்டுவிட்டு, மீண்டும் உண்ண அமரும்போதெல்லாம் ஒரு குழந்தை எழுந்து அழ, இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்ததாகவும், அதை அந்த வீட்டில் ஒருவரும் அறியவில்லை என்றும் அவரே பிற்காலத்தில் எழுதுகிறார். இருபத்தைந்து பேருக்குச் சோறு வடித்தவர் பட்டினி! இதற்குப் பெயர் இல்லற ஒழுங்கு!

இந்த வாழ்க்கையின் நடுவே, இருபத்தைந்து வயதை ஒட்டி, அவருக்கு ஒரு வேட்கை பிறந்தது. படிக்க வேண்டும். சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும். வேட்கைக்குக் காரணம் பக்தி என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. அவர் கடவுளை நம்பியவர். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த சமயவாதிகள் என்ன சொன்னார்கள்? பெண் எழுத்தறிந்தால் கணவன் இறந்துபோவான் என்றார்கள்! படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்று கிழவர்களும் கிழவிகளும் ஒருசேர ஓதினார்கள். அந்த அச்சத்தை மீறிக் கை நீட்டினாரே, அந்தக் கையைத்தான் நாம் போற்றுகிறோம்.

வழி எப்படிக் கிடைத்தது? அந்நாளைய சுவடி தைத்துக் கட்டப்பட்டதன்று. தனித்தனி ஏடுகளின் அடுக்கு. கணவர் ஒருநாள் மகனிடம் அந்தச் சுவடியை எடுத்துவரச் சொன்னபோது, மேலட்டையைப் பார்த்து, இதுதான் அது என்று அடையாளம் கண்டுகொண்டார். பிறகு யாரும் அறியாமல் ஓர் ஏட்டை உருவிக்கொண்டார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் மறைத்துவைத்த இடம் எது தெரியுமா? அடுப்படி! ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம் அந்த வீட்டில் அது ஒன்றே அன்றோ? சமைத்துக்கொண்டே, முக்காட்டின் மறைவில், ஓலையின் எழுத்தையும் ஏட்டின் எழுத்தையும் ஒப்பிட்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூலையில் அமர்ந்து கேட்ட ஒலியோடு பொருத்தி, ஒவ்வோர் எழுத்தாக மீட்டெடுத்தார். ஆசிரியர் இல்லை, பலகை இல்லை, நேரமும் இல்லை. உலை கொதித்தால் ஏடு ஒளிய வேண்டும், குழந்தை அழுதால் ஏடு ஒளிய வேண்டும், நாத்தனார் வந்தால் ஏடு ஒளிய வேண்டும். அப்படியும் கற்றார்.

கணவர் என்ன ஆனார் என்று வைதிகரைக் கேட்டு வைக்கலாம். மனைவி எழுத்தறிந்த பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் உயிரோடு இருந்தார்!

தோழர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். படிக்கக் கற்றது இருபத்தைந்து வயதை ஒட்டி. எழுதக் கற்றது எப்போது? ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து! இடையில் ஏன் இத்தனை ஆண்டு? அறிவு போதவில்லையா? அன்று. படிப்பை ஒரு கையால் செய்யலாம். மறு கை குழம்பைக் கிளறலாம். எழுத்துக்கு அது ஆகாது. தாள் வேண்டும், மை வேண்டும், கோல் வேண்டும், மைக்கூடு வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, அமர்வதற்கு ஓர் இடமும், எவரும் அழைக்காத ஒரு நாழிகையும் வேண்டும். இந்தக் காரணத்தை நாம் கற்பித்துச் சொல்லவில்லை; எழுதுவதற்கு எத்தனை பொருள்கள் வேண்டியிருக்கின்றன என்று அவரே கணக்குச் சொல்கிறார். கல்கத்தாவில் படித்த மகன், என் கடிதங்களுக்கு ஏன் விடை எழுதுவதில்லை என்று தாயைக் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் தாளும் கோலும் மையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பொருள் வந்தது, நேரம் வரவில்லை. கணவரின் மருத்துவத்தை முன்னிட்டு வேறோர் ஊரில் மற்றொரு மகன் வீட்டில் தங்க நேர்ந்தபோது அடுப்படி வேலை குறைந்தது. அப்போதுதான் எழுத்துக் கை வந்தது. வேலை குறைந்தது, எழுத்து வந்தது. இவ்வளவுதான் அதன் மறைபொருள்!

அறுபதை ஒட்டிய வயதில் தம் வரலாற்றை எழுதினார். 'அமர் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை' என்பது நூலின் பெயர். எண்பத்தெட்டாம் வயதில், 1897-இல், மேலும் விரித்து எழுதினார். வங்க மொழியில் எழுந்த முதல் தன்வரலாறு இதுவே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கல்லூரி கண்டவர்களும், கப்பலேறிச் சட்டம் பயின்றவர்களும், சபை நடத்தியவர்களும் நிறைந்திருந்த வங்கத்தில், தன்வரலாறு என்னும் துறையைத் திறந்து வைத்தது, அடுப்படியில் ஓலை ஒளித்த கை.

இது அடிமைப்பட்ட நாட்டின் கதை, பழமையில் மூழ்கிய சமூகத்தின் கதை என்று சிலர் தட்டிக் கழிக்கக்கூடும். சரி, இங்கிலாந்துக்கே செல்வோம்.

ஜேன் ஆஸ்டின் இருபத்தைந்து வயதுக்குள் மூன்று புதினங்களை முதல் வடிவில் எழுதி வைத்திருந்தார். 1801-இல் குடும்பம் பாத் நகருக்குப் பெயர்ந்தது. 1805-இல் தந்தை இறந்தார். அதன்பின் உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கும் நிலை. ஏறக்குறைய எட்டாண்டுக் காலம் அந்தப் பேனா தூங்கிற்று. தொடங்கிய ஒரு புதினமும் பாதியில் நின்றது. 1809-இல் சாட்டன் என்னும் சிற்றூரில் அண்ணன் கொடுத்த வீட்டில் நிலையாகத் தங்கினார்கள். தாய், தமக்கை கசாண்ட்ரா, தோழி மார்த்தா லாயிட், ஜேன் ஆகிய நால்வர். அங்கே வேலைப் பங்கீடு நடந்தது. காலைச் சிற்றுண்டியும், தேயிலை சர்க்கரையின் பொறுப்பும் ஜேனுக்கு. ஏனைய இல்லப் பொறுப்புகளில் பெரும்பகுதி தமக்கைக்கும் தோழிக்கும். விளைவு? 1811-இல் ஒரு புதினம், 1813-இல் ஒன்று, 1814-இல் ஒன்று, 1815 இறுதியில் ஒன்று. அறிவு புதிதாக முளைக்கவில்லை. பகல் பொழுது கிடைத்தது! 1816-இல் தமக்கை வெளியூர் சென்றிருந்தபோது, ஆட்டிறைச்சிக் கணக்கும் மருந்து அளவும் தலையை அடைத்துக்கொண்டிருக்கும்போது எழுத இயலவில்லை என்னும் பொருள்பட ஜேன் கடிதம் எழுதினார். கசாண்ட்ரா வீட்டில் இருந்தால் புதினம். கசாண்ட்ரா ஊருக்குச் சென்றால் ஆட்டிறைச்சி!

அமெரிக்காவில் நீக்ரோ அடிமைமுறையை உலுக்கிய 'டாம் மாமாவின் குடிசை' நூலைப் பற்றி நம் மேடைகளில் எத்தனையோ முறை பேசக் கேட்டிருக்கிறோம். 1851 சூன் திங்கள் தொடங்கி வார ஏட்டில் வெளிவந்து, 1852-இல் நூலாகி, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்ற நூல். அதை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுவரைப் பெற்ற தாய். கடைசிக் குழந்தை 1850-இல் பிறந்தது. வாரந்தோறும் ஏட்டுக்குப் பகுதி அனுப்பியாக வேண்டும், மடியில் கைக்குழந்தை. அவருடைய தமக்கை காதரின் வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார், புதினம் முடிந்தது. மேடையில் முழங்குவோர் ஹாரியட்டின் பெயரைச் சொல்கிறார்கள். காதரினின் பெயரை எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா?

பெண்ணின் எழுத்துரிமை பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் வர்ஜீனியா உல்ஃப் எழுதிய 'தனக்கென ஓர் அறை' என்னும் நூலை எடுத்துக் காட்டுவார்கள். 1929-இல் வந்த அந்த நூல், எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுன் வருவாயும் தாழிடத்தக்க ஓர் அறையும் வேண்டும் என்று வாதிடுகிறது. நல்ல வாதம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீட்டில் சமைத்தவர் யார்? நெல்லி பாக்ஸல் என்னும் சமையற்காரி. 1916 முதல் 1934 வரை பதினெட்டு ஆண்டுகள் அந்தக் குடும்பத்துக்கு உழைத்தவர். இருவருக்கும் இடையே மூண்ட பூசல்கள் உல்ஃபின் நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகக் காணப்படுகின்றன. இதைக் காட்டி உல்ஃபைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. ஆனால், ஒரு பெண் விடுதலை பெற்ற அதே வீட்டில் மற்றொரு பெண் கரண்டியோடு நின்றாள் என்பதை, உழைப்பவர் பக்கம் நிற்கும் நாம் காணாமல் போக முடியுமா? அறை கிடைத்தது ஒருத்திக்கு. அந்த அறையிலிருந்தவரின் தேநீர்க் கோப்பை யார் கையால் கழுவப்பட்டது?

இதுவரை பெண்கள் எழுதிய வீடுகளைப் பார்த்தோம். ஆண் எழுதிய வீடு ஒன்றையும் பார்த்துவிடுவோம். அங்கே ஒழுங்கு குலையவே இல்லை.

உருசிய நாட்டு யாஸ்னயா பொல்யானா. டால்ஸ்டாய் வாழ்ந்த பண்ணை. 1862-இல், தமக்குப் பதினெட்டு வயதாகையில், முப்பத்துநான்கு வயது டால்ஸ்டாயை மணந்தார் சோஃபியா. மணத்துக்கு முன் அவரும் ஒரு கதை எழுதியிருந்தார். திருமணத்தை ஒட்டி அதைத் தீயிலிட்டார். புகுந்த வீட்டுக்கு அவர் கொண்டுசென்ற சீதனத்தில் அந்தச் சாம்பலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பதின்மூன்று பிள்ளைகள். பண்ணைக் கணக்கு, பணியாளர் கூலி, பிள்ளைகளின் துணிமணி, நோய், மருந்து. இவை பகலில். இரவில்? கணவர் அன்றைய நாளில் அடித்தும் திருத்தியும் கிறுக்கியும் வைத்த தாள்களைத் தெளிவாகப் படியெடுத்துக் கொடுக்கும் வேலை. 'போரும் அமைதியும்' 1863 முதல் 1869 வரை எழுதப்பட்டது. அந்தப் பெருநூலின் பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் சோஃபியா. பிற்காலத்தில் கணவரின் நூல்களைப் பதிப்பித்து விற்கும் பொறுப்பும் அவருடையதே.

உச்சம் இனிமேல்தான் வருகிறது. 1889-இல் டால்ஸ்டாய் 'குரூட்சர் சொனாட்டா' என்னும் கதையை எழுதி முடித்தார். திருமணத்தையும் பெண்ணையும் சாடும் கதை. அது யாரைச் சுடும் என்று ஊரறியும். அரசு அதற்குத் தடை விதித்தது. 1891-இல் சார் மன்னரை நேரில் கண்டு, கணவரின் தொகுப்பில் அதை வெளியிட இசைவு பெற்று வந்தவர் அதே சோஃபியா! அதன்பின் அந்தக் கதைக்கு விடையாகத் தாமும் ஒரு குறும்புதினம் எழுதினார். 'யார் குற்றம்?' என்பது அதன் பெயர். கணவரின் கதைக்கு மன்னரிடம் வாதாடியவரின் கதைக்காக வாதாட ஒருவரும் இல்லை. அது 1994-இல் அச்சேறியது. எழுதியவர் இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து!

இதையெல்லாம் படித்துவிட்டு, அயலாரின் அநீதி கண்டு நம் இளைஞர்கள் கொதிப்பார்கள். கொதிக்கட்டும். ஆனால் நம் படிப்பகங்களைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மாலையில் கூடி, உலக இலக்கியம் அலசி, பெண்ணுரிமைத் தீர்மானம் நிறைவேற்றி, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தோழருக்குச் சோறு சூடாக இருக்கிறது. சூடாக்கியவர் யார்? அந்தத் தீர்மானத்தைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததா? வீட்டு வேலையை ஆணும் பகிரவேண்டும் என்று மேடையில் சொல்வதற்குத் துணிவு தேவையில்லை, தொண்டை போதும்.

2024-இல் இந்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண் 88 நிமிடங்களும் செலவிடுவதாகச் சொல்கிறது. ஈடுபடும் ஆண் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஈடுபடாதவர்கள் இந்த 88-க்குள் வரவே இல்லை! எத்தனை பேர் ஈடுபடுகிறார்கள்? 2019-இல் எடுத்த இதே வகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 26 ஆண்கள். பெண்களிலோ 81 பேர். நாம் பள்ளியில் கட்டுரைப் பாடம் நடத்துகிறவர்கள். ஆண் பெண் இருபாலார்க்கும் தலைப்பு ஒன்றே, கொடுத்த நாளும் ஒன்றே. ஆனால் தண்ணீர்க் குடத்துக்கும் தம்பியின் பால் புட்டிக்கும் இடையே மாணவிக்குக் கிடைத்த நேரமும், மாலை முழுதும் மாணவனுக்குக் கிடைத்த நேரமும் ஒன்றா? மதிப்பெண் மட்டும் ஒரே அளவுகோலால்!

நம் தமிழகத்திலும் இந்த வரலாறு உண்டு. வை. மு. கோதைநாயகி 1901-இல் பிறந்தவர். ஆறு வயது நிறையும் முன்பே மணம் முடித்துவிட்டார்கள். பள்ளி வாயில் மிதிக்கவில்லை. திருவல்லிக்கேணியில், வைணவ ஆசாரம் நிறைந்த பெரிய குடும்பம். பின்னாளில் நூற்றுப்பதினைந்து புதினங்கள் எழுதியவர், 'ஜகன்மோகினி' என்னும் திங்களிதழை 1925 முதல் பல்லாண்டு நடத்தியவர், 1960-இல் மறையும்வரை ஓயாது உழைத்தவர். இத்தனைக்கும் தொடக்கம் என்ன? முதல் நூலாகிய 'இந்திரமோகனா' நாடகம் அவர் உள்ளத்தில் உருவாகிவிட்டது. தாளில் இறக்கக் கைக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. பட்டம்மாள் என்னும் தோழி எழுதுகோல் எடுத்து அமர்ந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். 1924-இல் அந்த நாடகம் அச்சாகி வந்தது.

அந்த நாழிகைகளில், பட்டம்மாள் வீட்டு உலையைப் பார்த்துக்கொண்டவர் யார்?